கடையில் குளிர்ந்து வீட்டில் கொதித்த லேப்டாப்

1. காப்பி வாசனை

மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஒரு லேப்டாப்பை என் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். கீபோர்டு முழுக்கப் பிசுபிசுப்பு, கமகமவென்று காப்பி வாசனை. கொண்டு வந்தவரோ, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை, தானாகவே ஆஃப் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"கஸ்டமர் சொல்றதக் கேட்டுக்க, நம்பாத. மிஷின் சொல்றத நம்பு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் முதலாளி.

அந்தப் பேச்சு எனக்கு வெகுவாகப் பிடித்துப்போனது. நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டேன், படியைப் பார்ப்பேன். பிறகு அருப்புக்கோட்டையில் சொந்தமாகக் கடை போட்டு, பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகத் தொடங்கியபோது இந்தக் குணம்தான் எனக்குப் பாதி முதல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள். கீழே விழுந்து மூலை நசுங்கிய லேப்டாப்பைக் கொண்டு வந்து, "வச்சது வச்சபடி இருந்துச்சுக்கா" என்பார்கள்.

அவர்களும் என்னைச் சந்தேகப்படுவார்கள், அதையும் சொல்ல வேண்டும். கடைக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக்கு இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால் முகத்தில் ஒரு யோசனை ஓடும். நல்ல ரேமை உருவிக்கொண்டு பழையதைப் போட்டுவிடுவேனோ என்று இன்னொரு யோசனை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

இதில் சூடாகிற கம்ப்ளைன்ட் இருக்கிறதே, அதில்தான் பொய் அதிகம். எல்லாரும் டேபிள் மேல் வைத்துத்தான் வேலை பார்த்ததாகச் சொல்வார்கள். ஃபேனைத் திறந்தால் மெத்தைப் பஞ்சு கத்தையாக வரும். எங்கள் பக்கத்தில் ஃபேனைத் திறந்தாலே அது எந்த வீட்டு லேப்டாப் என்று பாதி தெரிந்துவிடும். தறி ஓடுகிற வீடு என்றால் நூல் தூசி. கரிமூட்டம் போடுகிற ஊர் என்றால் கறுப்புப் பொடி. ஒரு மிளகாய் வத்தல் கடைக்காரரின் லேப்டாப்பைத் திறந்துவிட்டு அன்று சாயங்காலம் வரை தும்மிக்கொண்டே இருந்தேன்.

இப்படித் திறந்தவுடன் கண்டுபிடிக்கிற எனக்குத்தான் ஒரு லேப்டாப் தண்ணி காட்டியது.

2. கையை எடுக்காதவர்

நல்ல சித்திரை வெயிலில் இரண்டு பேர் வந்தார்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மருமகள் ஜெயா, மாமனார் கருப்பையா. லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி, அதை மஞ்சள் பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் பெரியவர். மேஜை மேல் வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"இங்கனயே வச்சுத் தொறப்பியாம்மா, இல்ல உள்ள கொண்டு போயிருவியா?"

"உள்ளேன்னு ஒண்ணு இல்லங்கய்யா. கடையே இம்புட்டுத்தான்" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு கையை எடுத்தார். ஜெயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் குணத்துக்குக் காரணம் உண்டு என்று பின்னால் சொன்னாள். அந்த வருஷம் மாசியில் கிணற்று மோட்டார் காயில் எரிந்து, ரீவைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்த மோட்டாரைத் தூக்கியதும், எடை குறைகிறதே என்று அவருக்குத் தட்டியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் செம்புக் கம்பி இருந்த இடத்தில் அலுமினியக் கம்பி. அன்றிலிருந்து அவர் எந்தப் பொருளையும் யாரிடமும் விட்டுவிட்டு வருவதில்லை. சூடு கண்ட பூனை.

ஜெயா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறவள். லேப்டாப் கம்பெனி கொடுத்தது. பங்குனியிலிருந்து அது அரை மணி நேரத்தில் கொதித்துப்போய் அணைந்துவிடுகிறது. மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பாள், திரை இருண்டுவிடும். வேலைக்கு டிமிக்கி கொடுக்க அவளே அணைத்துவிடுகிறாள் என்று டீம் லீடருக்குச் சந்தேகம். இன்னும் இப்படியே போனால் லேப்டாப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சென்னை ஆபீஸுக்கு வந்து வேலை பாருங்கள், இல்லையென்றால் நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். புருஷன் லாரியில் போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. மாமியார் காலமாகிவிட்டார். மகள் ஒண்ணாம் வகுப்பு. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிச் சென்னைக்குப் போவது?

"ஊர்ல எல்லாரும் வெயிலுக்குத்தான் சூடாகுதுங்கிறாக. நெசமாக்கா?"

வெயிலும் ஒரு காரணம்தான், ஆனால் வெயில் மட்டும் இப்படிச் செய்யாது என்று சொல்லிவிட்டு, திறக்கலாமா என்று கேட்டேன். டீம் லீடர் போனில் அனுமதி கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பெரியவர் குறுக்கே வந்தார். "எழுத்துல தொறக்காதங்கிறான், வாயால தொறந்துக்கங்கிறான். அவன் எப்பேர்ப்பட்ட ஆளு, நீயே சொல்லு." லேப்டாப் கொடுக்கும்போதே, திறக்கக் கூடாது, ஏதாவது பாகம் குறைந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று கம்பெனி எழுதி வாங்கியிருக்கிறது. அது அவர் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

திருப்பிப் போட்டேன். அடிப்பக்கத்தில், காற்று உள்ளே போவதற்கு வரிசையாகத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளின் ஓரத்திலும் மூடி சேருகிற விளிம்பிலும் பசை பிசுக்கு. பக்கத்தில் நீல மசி லேசாக இழுவியிருந்தது. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகத்தை மாற்றினால் யாருக்கும் தெரியாத இடத்தில் பேனாவால் ஒரு குறி போட்டு வைப்போம். நாளைக்கு வேறு பாகத்தைக் கொண்டு வந்து நீ போட்டதுதான் என்று சண்டைக்கு வந்தால் காட்டலாம். ஆகவே இது இன்னொரு கடைக்காரன் கைபட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இதுக்கு முன்னாடி எங்க குடுத்தீங்க?"

எங்கேயும் கொடுக்கவில்லை என்றாள் ஜெயா. அதற்குள் பெரியவர், "ஒருத்தனும் தொறக்கல. எனக்கு நல்லாத் தெரியும்" என்று அழுத்திச் சொன்னார். எனக்கு அந்த அழுத்தமே பிடிக்கவில்லை. ஒரு மனிதருக்கு இவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும்?

கழற்றிய ஸ்குரு ஒவ்வொன்றையும் அவர் தன் துண்டில் வாங்கி வைத்துக்கொண்டார். ஃபேனில் தூசி கொஞ்சம்தான், அணைந்துபோகிற அளவுக்கு இல்லை. இருந்தாலும் துடைத்தேன், பிராசசர் மேல், சூட்டைக் கடத்தப் பூசியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாக வைத்தேன், பசையையும் துடைத்தேன். மூடிவிட்டு வீடியோவை ஓடவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். லேப்டாப் வெதுவெதுப்பாக இருந்ததே தவிர ஒரு தடவைகூட அணையவில்லை.

3. மறுபடியும் பசை

அந்த வாரம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய மாதிரியே கொதிக்கிறதாம், அணைகிறதாம். பெரியவர் என் பேஸ்ட் டப்பாவை எடுத்து மோந்து பார்த்தார். கலப்படமோ என்று சந்தேகம்.

கடையில் போட்டுப் பார்த்தால் நன்றாக ஓடியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மெத்தையில் வைத்தாயா என்று கேட்டேன். இல்லை, மரப்பலகை. மடியில்? இல்லை. வீட்டில் வேறு யாராவது கேம் விளையாடுகிறார்களா? பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கரண்டு ஏறி இறங்குகிறதா? மற்ற சாமான் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எல்லாக் கேள்விக்கும் அவள் பதில் சரியாக இருந்தது. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

திருப்பிப் போட்டேன். நான் துடைத்த இடத்தில் புதுப் பசை. புது நீல மசி.

இதற்குமேல் என்ன வேண்டும்? என்னிடம் வாங்கிக்கொண்டு போய் வேறு எவனிடமோ கொடுத்து நோண்டிவிட்டு, கெட்டதும் என் தலையில் கட்ட வந்திருக்கிறார்கள். பட்டென்று கேட்டுவிட்டேன். ஒளிக்காமல் சொல்லு, திருச்சுழியில் யார்கிட்ட குடுத்த?

ஜெயாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழுகை இல்லை, கோபம்.

"ஆபீஸ்ல கேட்டா நான் பொய் சொல்றேன்கிறாக. இங்க வந்தா நீங்களும் பொய்ங்கிறீக. நான் எங்க போயிக்கா உண்மையச் சொல்றது?"

பெரியவர் எழுந்துவிட்டார். "தொறக்கலைன்னா தொறக்கல. நீ வா தாயி. இந்தம்மாவுக்கு வேல தெரியல."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சீலிங் ஃபேனைப் பார்த்தார். சரி, விஷயம் இந்த மனிதரிடம்தான் இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. என்ன விஷயம் என்றுதான் பிடிபடவில்லை. அவர் ஆளைப் பார்த்தால் லேப்டாப்பை நோண்டுகிற ஆளாகவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜரே மீட்டிங்குக்கு வருகிறார் என்றும், அதில் அணைந்தால் அதோடு முடிந்தது என்றும் வாசலில் நின்று ஜெயா சொன்னாள். மிஷின் பொய் சொல்லாது என்று படித்தவள் நான். இந்த மிஷின் கடையில் ஒன்று சொல்கிறது, வீட்டில் ஒன்று சொல்கிறது. எது பொய் என்று வீட்டில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளிக்கிழமை நானே வாரேன் என்று சொல்லி அனுப்பினேன்.

4. காற்று வரவில்லை

திருச்சுழி பஸ்ஸில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் சீமைக் கருவேலம். வீட்டுக்குப் போனதும் மல்லித்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். பிளக் பாயின்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், வோல்டேஜ் சரி. பலகை சரி. ஜன்னல் வெயில் லேப்டாப் மேல் விழவில்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எனக்கே எரிச்சலாக இருந்தது. பெரியவர் நிலைப்படியில் சாய்ந்து நின்று நான் தொடுகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டிங் ஆரம்பித்தது. கேமராவில் விழாமல் நான் பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஜெயா பில்களைத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்புக்குள் ஃபேன் இரைய ஆரம்பித்தது. கீபோர்டில் விரல் வைக்க அவள் கூசுவது தெரிந்தது. மவுஸ் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. டீம் லீடர் குரல் வந்தது. "ஜெயா, ஸ்க்ரீன் ஸ்டக் ஆகுது. இன்னைக்கும் ஆரம்பிச்சிடுச்சா? சார் லைன்ல இருக்காரு, பார்த்துக்கோங்க."

சூடான காற்று வெளியே வருகிற பக்கவாட்டில் கையை வைத்தேன். இந்த இரைச்சலுக்கு அங்கே கை சுட வேண்டும். காற்றே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, காற்று இல்லை. அப்படியானால் உள்ளே போகிற வழி அடைபட்டிருக்கிறது. முதல் தடவை நான் துடைத்து அனுப்பிய வழி.

லேப்டாப்பை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிக் குனிந்து பார்த்தேன். அடிப்பக்கத் துளைகள் மேல் முழுக்க, கண்ணுக்கே தெரியாத மாதிரி செலோ டேப். நறுவிசாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு டேப்புக்கும் குறுக்கே, பாதி டேப்பிலும் பாதி லேப்டாப்பிலுமாக, நீலப் பேனாவில் கையெழுத்து. கருப்பையா. கருப்பையா. கருப்பையா.

நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினேன்.

"ஏம்மா, அதத் தொடாத. சீலு" என்றார் நிலைப்படியிலிருந்து.

"யாரு ஜெயா அது?" என்றது லேப்டாப்.

"எங்க மாமா சார்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஒவ்வொரு டேப்பாக உரித்தேன். கடைசி டேப் வந்ததும், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி பக்கவாட்டில் சூடு குபுகுபுவென்று என் முகத்தில் அடித்தது. இரண்டு பேனா மூடிகளை அடியில் முட்டுக் கொடுத்து வைத்தேன். இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. மவுஸ் ஓடத் தொடங்கியது. மேனேஜர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஜெயா பதில் சொன்னாள். மீட்டிங் முடிகிற வரை லேப்டாப் அணையவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வழக்கமான ஷிஃப்டைப் பாருங்கள் என்று சொல்லி அவர்களாகத்தான் கட் செய்தார்கள்.

5. சீல்

டேப்புகளை எல்லாம் பலகை மேல் வரிசையாக வைத்தேன். பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்கக் கேட்கத்தான் வந்தது. மோட்டார் விஷயத்துக்குப் பிறகு, பங்குனியில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறார். ஜெயா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற நேரத்தில் ஒட்டுவார். அந்தத் துளை வழியாகக் கம்பியை விட்டு எவனாவது நோண்டினால்? அதனால்தான் துளை மேலும். என் கடைக்குக் கொண்டு வரும்போது மட்டும் உரித்துவிடுவார்.

அது எதற்கு என்று கேட்டேன்.

"சீலு எங்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சா நீயும் அதே மாதிரி ஒட்டிருவீல்ல?" என்றார். தெளிவான பதில்.

ஜெயா ஒரு டேப்பை எடுத்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"வீட்டுல நானும் பிள்ளையுந்தான் மாமா இருக்கோம். அப்ப நான் எடுத்துருவேன்னு தான சீலு வச்சீக?"

பெரியவருக்குத் திக்கென்று ஆகிவிட்டது. நிலைப்படியை விட்டு உள்ளே வந்து, பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உன்னையா தாயி? நாளைக்கு இதத் திருப்பிக் குடுக்கும்போது அவன் ஒரு சாமானக் காணோம்னு சொன்னா, நீ படிச்ச பிள்ள, அவுக முன்னாடி தலையக் குனிஞ்சு நிப்ப. ஒருத்தன் உன்னையத் திருடின்னு சொல்லிரக் கூடாதுல்ல. அன்னைக்கு நான் எந்திரிச்சு, இந்தா பாரு என் கையெழுத்து, கிழியல, எம் மருமக தொடலன்னு சொல்றதுக்குத்தான் வச்சேன்."

ஜெயா டேப்பைத் திரும்பப் பலகையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"காத்துப் போற வழின்னு யாரு கண்டா? நானே பிள்ள வேலைக்கு வேட்டு வச்சிருப்பேன்" என்றார் குடித்துவிட்டு. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப சீலே வைக்கக் கூடாதா?" என்றார். அப்போதும் விட மாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சீல் வைக்கலாம், வைக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்றேன். ஜெயாவிடம் நெயில் பாலிஷ் வாங்கி, அடியில் இருந்த ஒவ்வொரு ஸ்குருவின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்த பிறகு ஸ்குருவைத் திருப்பினால் பொட்டு உடைந்துவிடும், எவனாலும் அதே மாதிரி ஒட்ட முடியாது. எங்கள் தொழிலில் தெரிந்த வழிதான். அவர் குனிந்து, நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டிப் பார்த்தார். உடைந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அதை மறுபடி வைக்கச் சொன்னார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுவதை விடாதீர்கள், அது இல்லாமல் இந்த மேஜையில் உட்கார முடியாது. ஆனால் அதை ஸ்குரு மேல் வையுங்கள், காற்றுப் போகிற வழியில் வைக்காதீர்கள். என் முதலாளி சொன்னதில் பாதிதான் சரி. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுதான், ஆனால் அதுவும் முழுசாகச் சொல்வதில்லை. எந்த வீட்டில் ஓடுகிறதோ அந்த வீட்டில் வைத்துத்தான் மீதியைச் சொல்லும். ஜெயா உண்மையைத்தான் சொன்னாள், நான்தான் அதற்கு வழி விடவில்லை.

போன மாதம் கம்பெனி ஜெயாவுக்குப் புது லேப்டாப் அனுப்பியது. கூரியர் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே மஞ்சள் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கருப்பையா மட்டும் தனியாக வந்தார். மருமகளுக்கு வேலை இருக்கிறதாம், லீவு போட முடியாதாம். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பெருமை. பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து நீட்டினார்.

என்னிடமே இருக்கிறதே ஐயா என்றேன்.

"இருக்கட்டும். நீ எம் மருமகளோடதுலயே வையி" என்றார். நான் வைத்து முடிக்கிற வரை கண்ணை எடுக்கவில்லை.